டார்வினிடம் இல்லாத பாதி

கேள்வி இதுதான்: பரிணாமத்தைக் கண்டுபிடித்தவர் டார்வின்தானா? கிரேக்கர்கள் தொடங்கி பிரெஞ்சு இயற்கையாளர் லாமார்க் வரை பலரும் முன்பே சொல்லிவிட்டார்கள் என்றால் அவர் பெயர் மட்டும் நிலைத்தது ஏன்? அவர் சொன்னதில் இன்று எவ்வளவு மிச்சம்?

உயிரினங்கள் மாறுகின்றன என்ற எண்ணம் அவருடையது அல்ல. அவரும், அதே முடிவைத் தனியே எட்டிய வாலஸும் கொடுத்தது, எப்படி மாறுகின்றன என்பதற்கான வழிமுறை. ஆனால் அந்த வழிமுறையின் அடித்தளத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது: பெற்றோரின் பண்பு பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இதற்கான விடை டார்வினிடம் கடைசி வரை இல்லை. அந்த ஓட்டையைப் பின்தொடர்ந்து போனால்தான் இந்த வரலாறு பிடிபடும். பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக மனப்பாடம் செய்தால் பிடிபடாது.

முதலில் கிரேக்கர்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் அனாக்சிமாண்டர், மனிதர்கள் முதலில் மீன் போன்ற உயிர்களுக்குள் வளர்ந்து வெளிவந்தார்கள் என்றார். அவருடைய காரணம் சுவையானது. மனிதக் குழந்தைக்குப் பல ஆண்டுகள் பராமரிப்பு வேண்டும். முதல் மனிதன் குழந்தையாகத் தனியே வந்திருந்தால் பிழைத்திருக்கவே மாட்டான். எம்பெடோக்ளிஸ், உறுப்புகள் தனித்தனியே தோன்றிக் கண்டபடி ஒட்டிக்கொண்டன, பொருந்தாதவை அழிந்தன என்றார். இதை இயற்கைத் தேர்வின் முன்னோடி என்று தூக்கிப்பிடிப்பவர்கள் உண்டு. அது மிகை. தலைமுறை தலைமுறையாகச் சிறு வேறுபாடுகள் சேர்ந்து ஒன்று இன்னொன்றாவது என்ற எண்ணம் இருவரிடமும் இல்லை. அரிஸ்டாட்டில் நேரெதிர்த் திசையில் போனார்: வகைகள் நிலையானவை, எளியவை கீழே, மனிதன் மேலே. இந்த ஏணிப் படம் இரண்டாயிரம் ஆண்டு நின்றது. குரங்கு நிமிர்ந்து நிமிர்ந்து மனிதனாகும் பிரபலமான வரிசைப் படத்தில் இன்றும் நிற்கிறது.

சொல்லே இங்கே நம்மை வழுக்க வைக்கும். ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘வளர்ச்சி’ ஒட்டிக்கொண்டதும் ஏணி தானாக உள்ளே வந்துவிடுகிறது. குகைமீன் கண்ணை இழப்பதும், நாடாப்புழு செரிமான உறுப்பை இழப்பதும் பரிணாமம்தான். அதில் வளர்ச்சி எங்கே? இலங்கைப் பாடநூல்களில் வரும் ‘கூர்ப்பு’ என்ற சொல்லுக்கு இந்த வால் இல்லை.

அடுத்த கட்டம் பலருக்கு வியப்பாக இருக்கும். சிற்றினங்கள் மாறாதவை என்ற கொள்கை பரிணாமக் கருத்துக்குத் தடை மட்டுமல்ல, அதற்கு முன்நிபந்தனையும்கூட. சேற்றிலிருந்து புழு பிறக்கும், கோதுமை விதைத்தால் கம்புக்கோதுமை முளைக்கும் என்று மக்கள் நம்பிய காலத்தில் எதுவும் எதுவாகவும் ஆகலாம். அங்கே ‘சிற்றினம் மாறுமா?’ என்ற கேள்விக்கே பொருள் இல்லை. 1668-இல் இத்தாலிய மருத்துவர் ரெடி, இறைச்சியைத் துணியால் மூடிவைத்தால் புழு வருவதில்லை என்று காட்டினார். 1686-இல் ஜான் ரே, ஒரே வகை விதையிலிருந்து ஒரே வகைதான் வரும் என்பதைச் சிற்றினத்தின் அளவுகோலாக வைத்தார். 1735-இல் லின்னேயஸ் வகைப்பாட்டைத் தொடங்கினார். எல்லைக்கோடு போட்ட பிறகுதான் கோடு தாண்டியது எது என்று பார்க்க முடிந்தது.

அப்படித் தாண்டியதை முதலில் பார்த்தவர்களில் லின்னேயஸும் ஒருவர். லினேரியா என்ற மஞ்சள் பூச்செடி. அதன் பூ இடம் வலம் மட்டும் ஒத்திருக்கும். பின்னால் ஒரே ஒரு தேன்குழாய் வால்போல நீளும். 1742-இல் மாணவர் ஒருவர் கொண்டுவந்த செடியில் பூ நட்சத்திரம்போல் எல்லாப் பக்கமும் ஒத்திருந்தது, ஐந்து தேன்குழாய்களோடு. யாரோ வேறு பூவை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்கள் என்றுதான் லின்னேயஸ் முதலில் நினைத்தார். உண்மையென்று தெரிந்ததும் 1744-இல் அதற்கு ‘பெலோரியா’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அரக்கவடிவம் என்று பொருள். பூவின் உறுப்புகளை வைத்தே தாவரங்களை வகைப்படுத்தியவருக்கு இது நேரடி அடி. பிற்காலத்தில், கலப்பினால் புதிய சிற்றினங்கள் தோன்றலாம் என்று ஒப்புக்கொண்டார். இந்தப் பூவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை வரும்.

பிறகு காலம் பற்றிய சிக்கல். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்பது பேராயர் அஷர் போட்ட கணக்கு. ஆறாயிரம் ஆண்டுக்குள் பரிணாமத்துக்கு இடமே இல்லை. பூஃபோன், இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு அளவும் ஆற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, பூமியின் அளவுக்குப் பெருக்கிச் சுமார் 75,000 ஆண்டு என்று 1778-இல் அச்சிட்டார். எண் தவறு; ஆனால் பூமியின் வயதைச் சோதனை செய்து அறியலாம் என்பது பெரிய மாற்றம். 1788-இல் ஹட்டன் பாறை அடுக்குகளைக் காட்டித் தொடக்கமே தெரியாத நீண்ட காலத்தைப் பேசினார். 1796-இல் குவியே, மாமத் என்பது ஆசிய யானையும் அல்ல ஆப்பிரிக்க யானையும் அல்ல, உலகிலிருந்தே அற்றுப்போன ஒன்று என்று எலும்புகளை ஒப்பிட்டு நிறுவினார்.

குவியே பரிணாமத்தை ஏற்காதவர், அதற்கு அவரிடம் சான்றும் இருந்தது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன அறிஞர்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான அரிவாள்மூக்கன் பறவைகளின் மம்மிகளைக் கொண்டுவந்தார்கள். இன்றைய பறவையோடு எலும்பு எலும்பாக ஒப்பிட்டால் வேறுபாடு இல்லை. இத்தனை நூற்றாண்டில் துளிகூட மாறவில்லை என்றால் எவ்வளவு காலம் கொடுத்தாலும் மாறாது என்றார். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. லாமார்க்கின் பதில்: எகிப்தின் தட்பவெப்பம் அப்போதும் இப்போதும் ஒன்றுதான், பறவை ஏன் மாறவேண்டும்? புவியின் காலத்தில் அந்த இடைவெளி ஒரு நொடி. வாதத்தில் லாமார்க்கின் பக்கமே சரி என்று இன்று தெரிகிறது. அன்று வென்றது குவியே.

லாமார்க்கை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு முடித்துவிடுவது அநியாயம். 1809-இல் அவர் முன்வைத்தது, உயிரினங்கள் அனைத்தும் மாறிவந்தவை என்ற முழுமையான முதல் கோட்பாடு. அதில் இரண்டு பகுதிகள். உயிர்களுக்குள் சிக்கலை நோக்கிப் போகும் உந்துதல் உண்டு என்பது ஒன்று. பயன்படுத்திய உறுப்பு வளரும், பயன்படுத்தாதது தேயும், அந்த மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்பது மற்றது. இரண்டாவதன் கடைசித் துண்டை அன்று கிட்டத்தட்ட எல்லோரும் நம்பினார்கள், டார்வின் உட்பட. அதை லாமார்க்கின் தனிச் சொத்தாக்கிக் கேலி செய்வது பிற்காலத்து வழக்கம்.

இப்போது டார்வின். பீகிள் கப்பலில் 1831 டிசம்பர் முதல் 1836 அக்டோபர் வரை. கலபகோஸ் குருவிகளைப் பார்த்ததும் விளக்கு எரிந்தது என்ற கதையை மறந்துவிடுங்கள். எந்தக் குருவியை எந்தத் தீவில் பிடித்தார் என்றுகூட அவர் ஒழுங்காகக் குறிக்கவில்லை. ஊர் திரும்பிய பின், 1837-இல் பறவையியலாளர் ஜான் கூல்டுதான் அவை நெருங்கிய உறவுள்ள தனித்தனிச் சிற்றினங்கள் என்று சொன்னார். 1859-இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் அந்தக் குருவிகளுக்குத் தனி இடமே இல்லை. பயணத்தின்போதே அவரை யோசிக்க வைத்தவை, தீவுக்குத் தீவு வேறுபட்ட மாக்கிங்பேர்ட் பறவைகள்.

1838 செப்டம்பரில் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்ததும் சங்கிலி பொருந்தியது. எல்லா உயிர்களும் பிழைக்கக்கூடியதைவிட அதிகமாகப் பெறுகின்றன. ஒரே வகைக்குள்ளும் ஒன்றுபோல் ஒன்றில்லை. அந்த வேறுபாடுகளில் சில, பெற்றோரிடமிருந்து வருபவை. எனில் சூழலுக்குப் பொருந்தும் வேறுபாடு தலைமுறைதோறும் கூடியே தீரும். யாரும் திட்டமிட வேண்டாம், உள்ளே உந்துதலும் வேண்டாம். 1842-இல் 35 பக்கச் சுருக்கம், 1844-இல் சுமார் 230 பக்கக் கட்டுரை. பிறகு எட்டு ஆண்டுகள் பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டும் கொட்டலசுகளை அறுத்துப் பார்ப்பதில் போயின. பயந்து ஒளித்துவைத்தார் என்பார்கள். பயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரே சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை அவர் கையால் தொட்டறிந்தது அந்த எட்டு ஆண்டில்தான்.

1858 ஜூனில் வாலஸின் கட்டுரை தபாலில் வந்தது, அதே சங்கிலியோடு. ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவரின் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. இருவரும் அங்கே இல்லை. 1859 நவம்பர் 24 அன்று டார்வினின் நூல் வெளிவந்தது, முதல் அச்சு 1,250 படிகள். பேட்ரிக் மேத்யூ என்பவர் 1831-லேயே கப்பல் கட்டும் மரங்கள் பற்றிய நூலின் பிற்சேர்க்கையில் இதே கருத்தைச் சொல்லியிருந்தார். டார்வின் அதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒரு பிற்சேர்க்கையில் சில பத்திகள் எழுதுவதும், புறா வளர்ப்பு, புதைபடிவம், கருவியல், தீவுத் தாவரங்கள் என்று எல்லாத் துறையிலிருந்தும் சான்று திரட்டி எதிர்ப்பு வாதங்களையும் தானே எழுப்பிப் பதில் சொல்வதும் ஒன்றல்ல. ‘அவர் பெயர் மட்டும் ஏன்’ என்பதற்கு விடை இதுதான்.

‘தக்கன பிழைத்தல்’ என்பது டார்வினின் தொடர் அல்ல. ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கியதை 1869-இல் ஐந்தாம் பதிப்பில் டார்வின் சேர்த்துக்கொண்டார். தமிழ் மொழிபெயர்ப்பு ஒருவகையில் நல்லது: ‘தக்கது’ என்றால் பொருந்துவது. அதை ‘வலியது வாழும்’ என்று திருப்பியபோதுதான் கோளாறு. 1883-இல் கால்டன் ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயரிட்ட இனமேம்பாட்டு வாதமும், அதை வைத்து நடந்த கட்டாயக் கருத்தடைகளும் அந்தத் திரிபில் வேர்விட்டவை.

இனி அந்த ஓட்டை. 1867-இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் எழுதிய மதிப்புரை, டார்வினுக்கு வந்த எதிர்ப்புகளிலேயே கூர்மையானது. அன்று எல்லோரும் நம்பியபடி, பிள்ளை என்பது தாய் தந்தையின் சராசரி. இரண்டு சாயம் கலந்ததுபோல. அப்படியானால் கணக்கைப் பாருங்கள். ஒரு விலங்குக்குக் கழுத்து 10 செ.மீ. அதிகமாக அமைகிறது. அது சாதாரணத் துணையோடு சேர்கிறது: பிள்ளைக்கு 5. பேரனுக்கு 2.5. பத்தாம் தலைமுறையில் 1,024-இல் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர். இயற்கை தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்குமுன்பே வேறுபாடு கரைந்துவிடுகிறது. ஒரு சொட்டுக் கறுப்பு மையை வாளி வெள்ளைச் சாயத்தில் விட்டபின் மையைத் திரும்ப எடுக்க முடியுமா?

இன்னொரு பக்கம் இயற்பியலாளர் கெல்வின். பூமி உருகிய நிலையிலிருந்து ஆறியது என்று வைத்து 1862-இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்றார். 1897-இல் 2 முதல் 4 கோடி என்று சுருக்கினார். டார்வினின் கோட்பாட்டுக்கு இந்தக் காலம் போதவில்லை. கதிரியக்கம் தெரியாததால் கெல்வின் தவறினார் என்று பல நூல்கள் எழுதும். முக்கியப் பிழை வேறு: பூமியின் உட்பகுதி அசையாத திடப்பொருள் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே வெப்பம் எளிதாகக் கடத்தப்பட்டால் கணக்கு நூற்றுக்கணக்கான கோடிக்குப் போகும் என்று 1895-லேயே அவருடைய முன்னாள் உதவியாளர் ஜான் பெர்ரி காட்டினார். இன்றைய மதிப்பு 454 கோடி ஆண்டு.

இந்த நெருக்கடியில் டார்வின் பின்வாங்கினார். 1868-இல் ‘பான்ஜெனிசிஸ்’ என்ற கருதுகோளை வைத்தார்: உடலின் ஒவ்வொரு உறுப்பும் நுண்துகள்களை வெளியிடும், அவை இனப்பெருக்க உறுப்பில் சேரும். அவருடைய உறவினர் கால்டன் இதை முயல்களில் சோதித்தார். ஒரு நிற முயலின் இரத்தத்தை வேறு நிறத்துக்கு ஏற்றிக் குட்டிகளைப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. துகள்கள் இரத்தத்தில் இருப்பதாக நான் சொல்லவே இல்லையே என்று டார்வின் நழுவினார். பயன்படுத்திய உறுப்பின் மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்ற பழைய நம்பிக்கைக்கு, அவர் நூலில் பதிப்புக்குப் பதிப்பு இடம் கூடிக்கொண்டே போனது. அவரைப் படிக்க விரும்புபவர்கள் 1872-இன் ஆறாம் பதிப்பை விட்டு முதல் பதிப்பை எடுங்கள். அதில்தான் வாதம் தெளிவு.

விடை அச்சாகிக் கிடந்தது. மெண்டலின் கட்டுரை 1866-இல் வெளிவந்தது. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அவற்றைத் தம்மோடு கலந்தால் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம்: 2.96-க்கு 1. முக்கியமானது விகிதம்கூட அல்ல. ஒரு தலைமுறை மறைந்திருந்த சுருக்கம் அரைச் சுருக்கமாக வரவில்லை, முழுதாகத் திரும்பி வந்தது. சாயம் கலக்கவில்லை; சீட்டுக்கட்டு கலைந்தது. எத்தனை முறை கலைத்தாலும் சீட்டு தேய்வதில்லை.

டார்வின் இந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. ஆனால் அதே எண்கள் அவர் கையிலேயே இருந்தன. லினேரியாவின் உறவான ஸ்னாப்டிராகன் செடியிலும் பெலோரியா வடிவப் பூ உண்டு. அதைச் சாதாரணச் செடியோடு கலந்தார்; முதல் தலைமுறை முழுக்கச் சாதாரணம். அவற்றின் விதையிலிருந்து வந்த 127 செடிகளில் 88 சாதாரணம், 2 இடைப்பட்டவை, 37 பெலோரியா. 3-க்கு 1 என்றால் 95-க்கு 32 வரவேண்டும். 127 செடிகளில் இவ்வளவு விலகல் தற்செயலே. 1868-இல் இதை அச்சிட்டும், மறைந்திருந்த போக்கு மீண்டும் தலையெடுத்தது என்று விளக்கிவிட்டு நகர்ந்தார். மெண்டல் விகிதத்துக்குப் பொருள் தேடினார், டார்வின் தேடவில்லை.

வாழ்நாளில் உடல் அடையும் மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்ற கதவை ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன் இடையில் அடைத்தார். ஐந்து தலைமுறை எலிகளுக்கு வாலை வெட்டினார். பிறந்த 901 குட்டிகளுக்கும் வால் இருந்தது. லாமார்க் சொன்னது பயன்பாட்டால் வரும் மாற்றத்தை, வெட்டுக்காயத்தை அல்ல என்பதால் இந்தச் சோதனை பாதிதான் பொருந்தும். வைஸ்மனின் உண்மையான பங்களிப்பு, உடல் செல்களும் இனச்செல்களும் தனித்தனிப் பாதை என்ற கருத்து.

1900-இல் மெண்டல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதும் டார்வின் வென்றார் என்று நினைக்கவேண்டாம். நடந்தது நேரெதிர். மெண்டலியர்கள், பரிணாமம் பெரிய தாவல்களில் நடக்கிறது, சிறு வேறுபாடுகளைத் தேர்வது வீண் என்றார்கள். பண்புகளை அளந்து புள்ளியியலால் ஆராய்ந்த அளவீட்டாளர்கள், உயரம் போன்ற பண்புகள் தொடர்ச்சியானவை, மெண்டலின் பட்டாணிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்றார்கள். இருபது ஆண்டு வீணானது. 1918-இல் ஃபிஷர், சிறுசிறு விளைவுள்ள பல மெண்டல் காரணிகள் சேர்ந்தால் தொடர்ச்சியான பண்பே கிடைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

ஜென்கினுக்கான பதில் 1908-இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தனித்தனியே எழுதிய சமன்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மொத்தப் படிகளில் ஒரு மரபணு வடிவம் நூற்றில் ஒரு பங்கு உள்ளது என்போம். பத்தாயிரம் பேரில் இரண்டு படியும் வைத்திருப்பவர் ஒருவர். ஒரு படி வைத்திருப்பவர்கள் 198 பேர். வேறு விசை இல்லையென்றால் அடுத்த தலைமுறையிலும் அதே எண்கள். வேறுபாடு கரைவதில்லை, பெரும்பாலும் மறைந்து காத்திருக்கிறது. இரண்டு படியும் இருந்தால் மட்டுமே வெளியே தெரியும் ஒடுங்கு பண்பு கொண்டவர்களை அகற்றிவிட்டால் பண்பு ஒழிந்துவிடும் என்ற யூஜெனிக்ஸ் கணக்கும் இதே எண்களில் உடைகிறது.

1924-இல் ஹால்டேன், இயல்பில் வெளிர்நிறமான மிளகுப்புள்ளி அந்துப்பூச்சியை எடுத்தார். மான்செஸ்டரில் முதல் கறுப்புப் பூச்சி 1848-இல் பதிவானது. 1895-இல் நூற்றுக்கு 98 கறுப்பு. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. இந்த வேகத்துக்குக் கறுப்பு சுமார் ஒன்றரை மடங்கு சந்ததியை விடவேண்டும் என்று கணக்கு வந்தது. இயற்கைத் தேர்வு மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. ஆலைப்புகையால் கறுத்த மரங்களில் வெளிர்நிறப் பூச்சிகளைப் பறவைகள் எளிதில் கண்டு தின்றன என்பது விளக்கம். 1950-களில் கெட்டில்வெல் அதைச் சோதித்த முறையில் குறைகள் இருந்தன. பூச்சிகளை அவை இயல்பாக அமராத இடத்தில் விட்டார் என்பது நியாயமான குற்றச்சாட்டு. மஜெரஸ் ஆறு ஆண்டுகள் 4,864 பூச்சிகளை வைத்து மீண்டும் செய்தார். 2012-இல் வெளியான முடிவு பறவைகளையே காட்டியது. 2016-இல் கறுப்பு நிறத்துக்கான மரபணுக் காரணமும் தெரிந்தது: ‘கார்டெக்ஸ்’ மரபணுவில் சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று செருகியிருக்கிறது.

1937 முதல் 1950 வரை டோப்சான்ஸ்கி, மேயர், சிம்ப்சன், ஸ்டெபின்ஸ் ஆகியோர் மரபியலையும் புதைபடிவத்தையும் வகைப்பாட்டையும் தாவரவியலையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் வேளாண் அறிஞர் லைசென்கோவின் பேச்சைக் கேட்டு மெண்டல் மரபியலே விலக்கப்பட்டது, மரபியலாளர் வவிலோவ் 1943-இல் சிறையில் இறந்தார்.

பின்வந்த திருத்தங்களில் மிகப் பெரியது, என் கணிப்பில், ஜப்பானிய மரபியலாளர் கிமுராவினுடையது. டிஎன்ஏ அளவிலான மாற்றங்களில் பெரும்பாலானவை நல்லதும் அல்ல கெட்டதும் அல்ல, தற்செயலாகவே பரவுகின்றன என்று 1968-இல் சொன்னார். எதைப் பார்த்தாலும் ‘இது எதற்காக வந்தது?’ என்று கேட்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். மார்குலிஸ் 1967-இல், நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனி பாக்டீரியா என்று வாதிட்டபின், உயிர்களின் வம்சமரத்தில் கிளை பிரிவது மட்டுமல்ல, கிளைகள் ஒட்டுவதும் உண்டு என்பது நிலைபெற்றது. டார்வின் தன் வாழ்நாளில் காணமுடியாது என்று நினைத்ததையும் பார்த்தாயிற்று: கலபகோஸின் டாஃப்னி மேஜர் தீவில் 1977 வறட்சிக்குப் பின், பெரிய கடின விதைகளை உடைக்க முடிந்த குருவிகளே பெரும்பாலும் பிழைத்ததால், சராசரி அலகுப் பருமன் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியதை உயிரியலாளர்களான கிராண்ட் தம்பதியின் குழு அளந்தது.

இனி மூன்றாம் முறையாகப் பெலோரியா. 1999-இல் லினேரியாவின் அரக்கப்பூவில் எந்த மரபணு கெட்டது என்று பார்த்தார்கள். ஸ்னாப்டிராகனில் பூவின் வடிவத்தை ஆளும் மரபணுவின் உறவுதான். ஆனால் டிஎன்ஏ எழுத்துகளில் பிழை இல்லை. மரபணுவின் மேல் மீத்தைல் என்ற சிறு வேதிக் குழுக்கள் அடர்ந்து ஒட்டி, அதை வாயடைத்திருந்தன. அந்த அடைப்பு விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகிறது. லாமார்க் திரும்பிவிட்டார் என்று இதுபோன்ற செய்திகளுக்குத் தலைப்பு வைப்பார்கள். லாமார்க் சொன்னது தேவைக்கேற்ற மாற்றம். இந்த அடைப்போ செடியின் எந்தத் தேவைக்கும் பதிலாக வந்ததாகத் தெரியவில்லை, நிலையாகவும் இல்லை. சில செடிகளில் மீத்தைல் குறைந்த கிளையில் பழையபடி ஒற்றைத் தேன்குழாய்ப் பூ பூக்கிறது, அதே செடியின் அடுத்த கிளையில் அரக்கப்பூ இருக்கும்போதே.